குத்தகை மின் மகிழுந்துகளின் வீட்டு மின்னேற்றச் செலவு மீளளிப்பு

குத்தகை மின் மகிழுந்துகளின் வீட்டு மின்னேற்றச் செலவு மீளளிப்பு என்பது, ஒரு நிறுவனம் குத்தகைக்கு எடுத்துத் தன் பணியாளரிடம் ஒப்படைத்துள்ள மின் மகிழுந்தைப் பணியாளர் தம் வீட்டு மின் இணைப்பிலிருந்து மின்னேற்றும்போது ஏற்படும் செலவை, அந்நிறுவனத்திடமிருந்து திரும்பப் பெறும் நடைமுறை ஆகும். வெளியிலிருந்து மின்னேற்றக்கூடிய கலப்பின மகிழுந்துகளுக்கும் இது பொருந்தும்.

பெட்ரோல், டீசல் மகிழுந்துகளுக்கு எரிபொருள் நிலையத்தில் தரப்படும் பற்றுச்சீட்டே செலவுக்குச் சான்றாக அமைகிறது. வீட்டு மின்னேற்றத்திற்கு அத்தகைய தனிச் சீட்டு கிடையாது. மகிழுந்துக்குச் சென்ற மின்சாரமும் விளக்கு, விசிறி, குளிர்சாதனப் பெட்டி ஆகியவற்றுக்குச் சென்ற மின்சாரமும் ஒரே மின் கட்டணத்தில் கலந்து விடுகின்றன. ஆகவே எத்தனை அலகு மின்சாரம் மகிழுந்துக்குச் சென்றது, அதற்கு என்ன வீதத்தில் பணம் தரவேண்டும், அத்தொகைக்கு வருமான வரி உண்டா ஆகிய மூன்று வினாக்களுக்கும் விடை காண வேண்டியுள்ளது. படிநிலைக் கட்டண முறை நடைமுறையில் உள்ள தமிழ்நாட்டில் இரண்டாவது வினா சிறப்பான முக்கியத்துவம் உடையது.

பின்னணி

இந்தியாவில் நிறுவனங்கள் தம் பணியாளருக்கு மகிழுந்து வழங்கப் பெரும்பாலும் குத்தகை முறையைக் கையாளுகின்றன. குத்தகை நிறுவனம் வண்டியை வாங்கிப் பணி வழங்குநருக்குச் சில ஆண்டுகளுக்குக் குத்தகைக்கு விடும். மாதக் குத்தகைத் தொகை பணியாளரின் மொத்த ஊதியத் தொகுப்பிலிருந்து கழிக்கப்படும். எரிபொருள், பராமரிப்பு, ஓட்டுநர் ஊதியம் ஆகியவற்றுக்கு மாத வரம்பு ஒன்று வகுக்கப்பட்டு, சீட்டுகளைக் காட்டினால் அத்தொகை வழங்கப்படும். சீட்டு காட்டப்படாத தொகை, வரிக்கு உட்பட்ட ஊதியமாகக் கருதப்படுவது வழக்கம்.

அரசுத் துறையில் குத்தகை மின் மகிழுந்துகள் பரவுவதற்கு மைய அரசின் எரிசக்தித் திறன் சேவைகள் நிறுவனம் வழிவகுத்தது. 2017 ஆம் ஆண்டில் இந்நிறுவனம் 10,000 மின் மகிழுந்துகளுக்கான ஒப்பந்தப்புள்ளியைக் கோரியது. டாட்டா மோட்டார்சு, மகிந்திரா ஆகிய நிறுவனங்கள் அதில் தேர்வு பெற்றன. இம்மகிழுந்துகள் அரசு அலுவலகங்களுக்குக் குத்தகைக்கு அளிக்கப்பட்டன. 2019 ஆகத்து 1 முதல் மின் வண்டிகளுக்கான சரக்கு மற்றும் சேவை வரி 12 விழுக்காட்டிலிருந்து 5 விழுக்காடாகக் குறைக்கப்பட்டது. 2020 சனவரியில் டாட்டா நெக்சான் மின் மகிழுந்து விற்பனைக்கு வந்த பின்னர் தனிநபர்களிடையேயும் தனியார் நிறுவனங்களிலும் இவ்வகை வண்டிகள் பெருகின.

வீட்டில் மின்னேற்றுவதற்குச் சட்டத் தடை ஏதும் இல்லை. மின் வண்டிகளை மின்னேற்றுவதற்கு மின்சாரச் சட்டம், 2003 இன் கீழ் உரிமம் தேவையில்லை என மைய மின் அமைச்சகம் 2018 ஏப்பிரலில் தெளிவுபடுத்தியது. வீட்டிலும் அலுவலகத்திலும் உள்ள மின் இணைப்பிலிருந்தே வண்டியை மின்னேற்றலாம் என்பதை அதன் பிந்தைய வழிகாட்டு நெறிமுறைகள் உறுதி செய்தன.

பொருந்தும் வண்டிகள்

கலப்பின மகிழுந்துகள் அனைத்துக்கும் வீட்டு மின்னேற்றச் செலவு எழுவதில்லை. இந்தியச் சாலைகளில் மிகுதியாகக் காணப்படும் மாருதி கிராண்ட் விட்டாரா, டொயோட்டா ஐரைடர், டொயோட்டா இன்னோவா ஐகிராசு ஆகியவற்றின் கலப்பின வகைகள் தம் மின்கலத்தை இயந்திரத்தின் மூலமும், தடையிடும்போது மீளும் ஆற்றலின் மூலமும் தாமே நிரப்பிக் கொள்கின்றன. அவற்றில் மின்னேற்றச் செருகுவாய் கிடையாது. எனவே அவற்றுக்குப் பெட்ரோல் சீட்டு மட்டுமே சான்றாகும். செருகுவாய் உள்ள கலப்பின மகிழுந்துகள் இந்தியாவில் பெரும்பாலும் உயர்விலை வண்டிகளாகவே உள்ளன. அவற்றுக்குப் பெட்ரோல், மின்சாரம் ஆகிய இரண்டு செலவுகளும் உண்டு. ஆகவே இரண்டுக்கும் தனித்தனிக் கணக்கு வைக்க வேண்டும்.

மின்சாரத்தை அளத்தல்

மகிழுந்தின் திரையில் காட்டப்படும் ஆற்றல் அளவும் வீட்டு மீட்டரில் பதிவாகும் அளவும் ஒன்றல்ல. மாறுதிசை மின்னோட்டத்தை நேர்திசை மின்னோட்டமாக மாற்றும்போதும், மின்கலத்தை நிரப்பும்போதும் ஒரு பகுதி ஆற்றல் வெப்பமாக வீணாகிறது. இந்த இழப்புக்கும் மின் கட்டணம் செலுத்தியே ஆகவேண்டும் என்பதால், கோரிக்கை மீட்டர் அளவையே அடிப்படையாகக் கொள்ள வேண்டும். எடுத்துக்காட்டாக இழப்பு 10 விழுக்காடு எனில், மின்கலத்தில் 225 அலகு சேர்வதற்கு மீட்டரில் 250 அலகு பதிவாகும்.

அளப்பதற்குப் பின்வரும் முறைகள் கையாளப்படுகின்றன.

1. துணை மீட்டர்: மின்னேற்றிக்குச் செல்லும் கம்பித் தடத்தில் தனி மீட்டர் பொருத்துதல். மாதத் தொடக்கத்திலும் இறுதியிலும் அதன் எண்ணைக் குறித்துக்கொண்டால் போதும். இது எளியதும் நம்பத்தக்கதும் ஆகும்.
2. மின்னேற்றியின் பதிவு: சுவரில் பொருத்தப்படும் 7.2 கிலோவாட் வகை மின்னேற்றிகள் பல, ஒவ்வொரு மின்னேற்றத்தின் நாள், நேரம், அலகு ஆகியவற்றைச் செயலியில் பதிவு செய்கின்றன. 15 ஆம்பியர் செருகுவாயில் பயன்படுத்தப்படும் சாதாரண மின்னேற்றிக் கம்பிகளில் இவ்வசதி பெரும்பாலும் இருப்பதில்லை.
3. தொலைவு அடிப்படை: ஓடிய கிலோமீட்டரை வண்டியின் சராசரி மின் நுகர்வால் பெருக்கி, இழப்பையும் சேர்த்துக் கணக்கிடுதல். துணை மீட்டர் இல்லாத இடங்களில் இது பயன்படும்.
4. கட்டண ஒப்பீடு: வண்டி வருவதற்கு முன்பிருந்த மின் கட்டணத்தையும் பின்னர் வந்த கட்டணத்தையும் ஒப்பிடுதல். கோடைக்காலக் குளிரூட்டிப் பயன்பாடு போன்ற வேறு காரணங்களும் கட்டணத்தை மாற்றும் என்பதால் இம்முறை துல்லியமற்றது.

தமிழ்நாட்டின் படிநிலைக் கட்டணம்

தமிழ்நாட்டு வீட்டு மின் கட்டணம் இரு மாத நுகர்வை அடிப்படையாகக் கொண்ட படிநிலை முறையில் அமைந்தது. நுகர்வு கூடக் கூட மேற்படி அலகுகளின் விலை உயரும். தமிழ்நாடு மின்சார ஒழுங்குமுறை ஆணையத்தின் ஆணைப்படி 2022 செப்டம்பர் 10 முதல் நடைமுறைக்கு வந்த வீதங்கள், அரசு மானியம் போக, பின்வருமாறு அமைந்தன.

இரு மாத நுகர்வு 500 அலகு வரை:
முதல் 100 அலகு: கட்டணம் இல்லை
101 முதல் 200 வரை: 2.25 ரூபாய்
201 முதல் 400 வரை: 4.50 ரூபாய்
401 முதல் 500 வரை: 6.00 ரூபாய்

இரு மாத நுகர்வு 500 அலகுக்கு மேல்:
முதல் 100 அலகு: கட்டணம் இல்லை
101 முதல் 400 வரை: 4.50 ரூபாய்
401 முதல் 500 வரை: 6.00 ரூபாய்
501 முதல் 600 வரை: 8.00 ரூபாய்
601 முதல் 800 வரை: 9.00 ரூபாய்
801 முதல் 1000 வரை: 10.00 ரூபாய்
1000 அலகுக்கு மேல்: 11.00 ரூபாய்

2024 சூலையில் இவ்வீதங்கள் 4.83 விழுக்காடு அளவில் உயர்த்தப்பட்டன. 2025 சூலையில் அறிவிக்கப்பட்ட 3.16 விழுக்காட்டு உயர்விலிருந்து வீட்டு நுகர்வோருக்கு விலக்கு அளிக்கப்பட்டது. கணக்கின் தன்மையை விளக்குவதற்காக இக்கட்டுரையில் 2022 ஆம் ஆண்டின் வீதங்கள் எடுத்துக்கொள்ளப்படுகின்றன. கோரிக்கை எழுதுபவர் தம் மின் கட்டணச் சீட்டுக்குரிய காலத்தின் வீதங்களைப் பயன்படுத்த வேண்டும்.

எடுத்துக்காட்டு

புதுக்கோட்டை மாவட்டத்தில் தஞ்சாவூர் – புதுக்கோட்டை நெடுஞ்சாலையில் அமைந்துள்ள கந்தர்வக்கோட்டையில் ஒரு வீட்டைக் கற்பனையாகக் கொள்வோம். அவ்வீட்டின் வழக்கமான இரு மாத நுகர்வு 300 அலகு. அவ்வீட்டுப் பணியாளரின் குத்தகை மின் மகிழுந்து இரு மாதங்களில் 1,500 கிலோமீட்டர் ஓடுகிறது. 100 கிலோமீட்டருக்கு 15 அலகு வீதம் மின்கலத்திற்கு 225 அலகும், இழப்புடன் சேர்த்து மீட்டரில் 250 அலகும் ஆகிறது.

மகிழுந்து இல்லாதபோது 300 அலகுக்கான கட்டணம் 675 ரூபாய். மகிழுந்துடன் நுகர்வு 550 அலகாக உயர, கட்டணம் 2,350 ரூபாய் ஆகிறது. வேறுபாடு 1,675 ரூபாய். அதாவது மகிழுந்துக்குச் சென்ற ஒவ்வோர் அலகுக்கும் 6.70 ரூபாய் ஆகியுள்ளது.

அலுவலகக் கணக்குப் பிரிவு மொத்தக் கட்டணத்தை மொத்த அலகால் வகுத்துச் சராசரி காணுமாயின், அலகு ஒன்றுக்கு 4.27 ரூபாய் மட்டுமே வரும். 250 அலகுக்கு ஏறக்குறைய 1,068 ரூபாய் கிடைக்கும். எஞ்சிய 607 ரூபாயைப் பணியாளர் தம் கையிலிருந்து செலுத்த நேரிடும். மகிழுந்து வந்ததால் வீட்டின் நுகர்வு 500 அலகைத் தாண்டியதும், 101 முதல் 200 வரையிலான அலகுகளுக்குக் கிடைத்துவந்த 2.25 ரூபாய்ச் சலுகையும் நீங்கிவிடுகிறது. விளக்குக்கும் விசிறிக்கும் சென்ற அந்த 100 அலகுகளுக்கு மட்டும் 225 ரூபாய் கூடுதலாகிறது. சராசரி முறையில் இக்கூடுதல் சுமையின் பெரும்பகுதி மகிழுந்துக் கணக்கில் சேராமல் வீட்டுக் கணக்கிலேயே தங்கிவிடுகிறது.

இதே மகிழுந்து, இதே 250 அலகு, வெவ்வேறு வீடுகளில் எவ்வாறு மாறுபடுகிறது என்பதைக் கீழே காணலாம்.

வழக்கமான நுகர்வு 150 அலகு: கூடுதல் கட்டணம் 1,012.50 ரூபாய், அலகுக்கு 4.05 ரூபாய், கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 68 காசு.
வழக்கமான நுகர்வு 300 அலகு: கூடுதல் கட்டணம் 1,675 ரூபாய், அலகுக்கு 6.70 ரூபாய், கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 1.12 ரூபாய்.
வழக்கமான நுகர்வு 700 அலகு: கூடுதல் கட்டணம் 2,400 ரூபாய், அலகுக்கு 9.60 ரூபாய், கிலோமீட்டருக்கு 1.60 ரூபாய்.

எனவே கிலோமீட்டருக்கு ஒரு ரூபாய் என ஒரே வீதத்தை எல்லாப் பணியாளருக்கும் வகுத்தால், முதல் வீட்டாருக்கு மிகுதியும் மற்ற இரு வீட்டாருக்குப் பற்றாக்குறையும் ஏற்படும். மகிழுந்து இருக்கும்போது வரும் கட்டணத்திலிருந்து, மகிழுந்தின் அலகுகளைக் கழித்துக் கணக்கிட்ட கட்டணத்தைக் கழித்தால் வரும் வேறுபாடே உண்மையான செலவாகும். துணை மீட்டர் எண்ணும் மின் கட்டணச் சீட்டும் இருந்தால் இக்கணக்கை எவரும் சரிபார்க்கலாம்.

சிற்றூர்களில் கவனிக்க வேண்டியவை

கந்தர்வக்கோட்டை போன்ற வேளாண் சார்ந்த ஊர்களில் வீட்டை ஒட்டியே பாசனக் கிணறு அமைந்திருப்பது உண்டு. தமிழ்நாட்டில் உழவர்களின் பாசன மோட்டார்களுக்குக் கட்டணமில்லா மின்சாரம் வழங்கப்படுகிறது. அந்த இணைப்பிலிருந்து மகிழுந்தை மின்னேற்றக் கூடாது. அனுமதிக்கப்பட்ட நோக்கத்திற்கு மாறாக மின்சாரத்தைப் பயன்படுத்துவது மின்சாரச் சட்டம், 2003 இன் 126 ஆம் பிரிவின்படி முறையற்ற பயன்பாடாகும். அதற்கு உரிய கட்டணத்தின் இருமடங்கு மதிப்பிடப்படும். அவ்வாறு பெற்ற மின்சாரத்திற்கு நிறுவனத்திடம் செலவு கோருவது பொய்க் கணக்காகவும் அமையும்.

வாடகை வீடுகளில் மின் இணைப்பு வீட்டு உரிமையாளர் பெயரில் இருக்கும். சில உரிமையாளர்கள் துணை மீட்டர் வைத்து அலகுக்கு ஒரே வீதத்தில் வசூலிப்பர். அந்நிலையில் மின்வாரியச் சீட்டைவிட, அலகு எண்ணிக்கையும் வீதமும் குறிக்கப்பட்ட உரிமையாளரின் பற்றுச்சீட்டே பணியாளரின் உண்மைச் செலவைக் காட்டும்.

வீட்டுக் கூரையில் சூரிய மின் தகடுகள் உள்ளவர்களுக்குக் கணக்கு மேலும் மாறும். 2024 பெப்ரவரியில் தொடங்கப்பட்ட பிரதமரின் சூரிய வீடு திட்டத்தில் 3 கிலோவாட்டும் அதற்கு மேலும் உள்ள அமைப்புகளுக்கு 78,000 ரூபாய் வரை மானியம் வகுக்கப்பட்டது. இத்தகைய வீட்டில் மகிழுந்துக்குச் சென்ற மின்சாரத்தின் ஒரு பகுதி விலைக்கு வாங்கப்பட்டதன்று. கட்டண வேறுபாட்டு முறையைப் பின்பற்றினால், மின்வாரியத்திற்குச் செலுத்திய கூடுதல் தொகை மட்டுமே கோரிக்கையில் இடம்பெறும்.

சுவர் மின்னேற்றி பொருத்துதல், இணைப்பின் அனுமதிக்கப்பட்ட மின்சுமையை உயர்த்துதல், நில இணைப்பைச் சீர்செய்தல் ஆகியவை ஒருமுறைச் செலவுகள். அவை மாத மின்னேற்றச் செலவில் சேரா. அவற்றை யார் ஏற்பது என்பதைக் குத்தகை தொடங்கும் முன்பே எழுத்தில் உறுதி செய்துகொள்வது நலம். பணியாளர் வேலையை விட்டு விலகினால் வண்டி திரும்பிச் சென்றாலும் மின்னேற்றியும் கம்பித் தடமும் வீட்டிலேயே தங்கிவிடும்.

வருமான வரி

பணி வழங்குநர் அளிக்கும் மகிழுந்து, வருமான வரிச் சட்டம், 1961 இன் 17(2) ஆம் பிரிவின் கீழ் பணிவழிச் சலுகையாகக் கருதப்பட்டது. அதன் மதிப்பு வருமான வரி விதிகள், 1962 இன் 3(2) ஆம் விதியில் வகுக்கப்பட்டிருந்தது. நிறுவனத்தின் சொந்த வண்டிக்கும் குத்தகை வண்டிக்கும் ஒரே விதிதான். அதன் சாரம் பின்வருமாறு:

* அலுவலகப் பணிக்கு மட்டுமே வண்டி பயன்படுமாயின் சலுகை மதிப்பு இல்லை. பயண நாள், சென்ற இடம், தொலைவு, செலவு ஆகியவற்றின் பதிவேடும் பணி வழங்குநரின் சான்றும் இருக்க வேண்டும்.
* அலுவலகப் பணிக்கும் சொந்தத் தேவைக்கும் பயன்பட்டு, ஓட்டச் செலவை நிறுவனம் ஏற்றால், இயந்திரக் கொள்ளளவு 1.6 லிட்டர் வரை மாதம் 1,800 ரூபாய். அதற்கு மேல் 2,400 ரூபாய்.
* சொந்தப் பயணங்களுக்கான ஓட்டச் செலவையும் பராமரிப்பையும் பணியாளரே ஏற்றால் முறையே 600 ரூபாய், 900 ரூபாய்.
* ஓட்டுநரும் வழங்கப்பட்டால் மாதம் 900 ரூபாய் கூடுதல்.

இவ்விதியில் வண்டிகள் உருளைக் கொள்ளளவால் வகைப்படுத்தப்பட்டன. மின் மகிழுந்தில் உருளை கிடையாது. எனவே அது எவ்வகையில் சேரும் என்ற ஐயம் எழுந்தது. 1.6 லிட்டரைத் தாண்டாதது என்ற அடிப்படையில் அதனைக் கீழ் வகையில் வைப்பது நிறுவனங்களிடையே பரவலான வழக்கமாக இருந்தது. கலப்பின மகிழுந்துகளுக்கு இந்த ஐயம் இல்லை. 1.5 லிட்டர் இயந்திரம் கொண்ட ஐரைடர் கீழ் வகையிலும், 2 லிட்டர் இயந்திரம் கொண்ட இன்னோவா ஐகிராசு மேல் வகையிலும் சேர்ந்தன.

நிறுவனம் ஓட்டச் செலவை ஏற்கும் நிலையில் 1,800 ரூபாய் என்பது முழு மதிப்பு ஆகையால், மீளளித்த மின் கட்டணம் தனியாக வரிக்கு உட்படாது. ஆனால் மின் மகிழுந்தின் ஓட்டச் செலவு குறைவு என்பதால் வேறொரு கணக்கையும் பார்க்க வேண்டியுள்ளது. 600 ரூபாய் மதிப்பிலிருந்து 1,800 ரூபாய் மதிப்புக்கு மாறும்போது மாதம் 1,200 ரூபாய் கூடுதலாக வரிக்கு உட்படுகிறது. 30 விழுக்காட்டு வரியும் 4 விழுக்காட்டு மேல்வரியும் செலுத்துபவருக்கு இதனால் மாதம் ஏறத்தாழ 374 ரூபாய் வரி கூடும். மேற்கண்ட எடுத்துக்காட்டில் மாத மின்செலவு ஏறத்தாழ 838 ரூபாய் ஆகையால், கோருவதே பயனுடையது. சொந்தப் பயணத்திற்கான மின்செலவும் பராமரிப்பும் சேர்ந்து 374 ரூபாய்க்குக் குறைவாக உள்ள ஒருவர், கோரிப் பெறுவதைவிடத் தாமே செலுத்துவது சிக்கனமாகும்.

வீட்டிலிருந்து அலுவலகத்திற்கும், அலுவலகத்திலிருந்து வீட்டிற்கும் பணி வழங்குநரின் வண்டியில் செல்வதைச் சலுகையாகக் கருதலாகாது என்ற விளக்கமும் 17(2) ஆம் பிரிவில் இடம்பெற்றிருந்தது.

மின் வண்டிக் கடனுக்கான வட்டியில் 1,50,000 ரூபாய் வரை கழிவு அளித்த 80இஇபி பிரிவு, 2019 ஏப்பிரல் 1 முதல் 2023 மார்ச்சு 31 வரை ஒப்பளிக்கப்பட்ட கடன்களுக்கே உரியது. குத்தகை வண்டிக்குப் பணியாளர் பெயரில் கடன் இல்லை ஆகையால் அக்கழிவு அவருக்குப் பொருந்தாது.

1961 ஆம் ஆண்டுச் சட்டத்திற்கு மாற்றாக வருமான வரிச் சட்டம், 2025 இயற்றப்பட்டது. அது 2026 ஏப்பிரல் 1 முதல் நடைமுறைக்கு வருமாறு வகுக்கப்பட்டது. ஆகவே மேற்கண்ட தொகைகள் அதற்கு முந்தைய காலத்திற்கு உரியவை. பிந்தைய காலத்திற்குப் புதிய சட்டத்தின் விதிகளைக் காண வேண்டும்.

கோரிக்கைக்கு வேண்டிய ஆவணங்கள்

நிறுவனத்திற்கு நிறுவனம் விதிகள் மாறுபடினும், பின்வருவன பொதுவாகப் பயன்படும்.

* துணை மீட்டரின் தொடக்க, இறுதி எண்கள், அல்லது மின்னேற்றியின் பதிவுப் பட்டியல்
* அதே காலத்திற்குரிய மின் கட்டணச் சீட்டும் பணம் செலுத்திய சான்றும்
* வண்டியின் தொலைவுமானி எண்கள்
* அலுவலகப் பயணங்களின் பதிவேடு
* கட்டண வேறுபாட்டைக் காட்டும் கணக்குத் தாள்
* வெளி நிலையங்களில் மின்னேற்றியிருந்தால் அவற்றின் பற்றுச்சீட்டுகள்

மின் கட்டணம் இரு மாதத்திற்கும் கோரிக்கை ஒரு மாதத்திற்கும் என அமையும் இடங்களில், கோரிக்கையையும் இரு மாதத்திற்கு ஒருமுறை அளிப்பது கணக்கை எளிதாக்கும். ஒரு மாத நுகர்வைத் தனியே பிரித்தால் அது எந்தப் படிநிலையில் விழுந்தது என்பதைத் தீர்மானிக்க இயலாது.

பிற நாடுகளில்

ஐக்கிய இராச்சியத்தில் வருவாய் மற்றும் சுங்கத் துறை, நிறுவன மின் மகிழுந்துகளுக்கு மைல் அடிப்படையிலான அறிவுறுத்தல் வீதத்தை வெளியிடுகிறது. 2018 செப்டம்பரில் மைலுக்கு 4 பென்சு எனத் தொடங்கிய இவ்வீதம், 2025 செப்டம்பர் முதல் வீட்டு மின்னேற்றத்திற்கு 8 பென்சு, பொது நிலைய மின்னேற்றத்திற்கு 14 பென்சு என இரண்டாகப் பிரிக்கப்பட்டது. நிறுவன மகிழுந்தின் வீட்டு மின்னேற்றச் செலவை மீளளிப்பதற்குத் தனி வரி இல்லை என்ற நிலைப்பாட்டை அத்துறை 2023 இல் ஏற்றது. அங்குக் கலப்பின மகிழுந்துகள் இவ்வீதங்களைப் பொறுத்தவரை பெட்ரோல் அல்லது டீசல் வண்டிகளாகவே கருதப்படுகின்றன.

செருமனியில் 2021 முதல் 2025 வரை நிறுவன மின் மகிழுந்துகளின் வீட்டு மின்னேற்றத்திற்கு மாதாந்திர மொத்தத் தொகையை வரியின்றி வழங்க இயன்றது. அலுவலகத்தில் மின்னேற்ற வசதி இல்லாதவர்களுக்கு மின் மகிழுந்துக்கு 70 யூரோவும் கலப்பின மகிழுந்துக்கு 35 யூரோவும், வசதி உள்ளவர்களுக்கு முறையே 30 யூரோவும் 15 யூரோவும் வகுக்கப்பட்டிருந்தன. 2026 தொடக்கத்திலிருந்து இம்முறை கைவிடப்பட்டு, மீட்டரில் அளந்த அலகுகளின் அடிப்படையில் மீளளிக்கும் முறை கொண்டுவரப்பட்டது.

இவற்றையும் பார்க்க

மின் மகிழுந்து
கலப்பின மகிழுந்து
தமிழ்நாடு மின்சார ஒழுங்குமுறை ஆணையம்
இந்தியாவில் வருமான வரி
கந்தர்வக்கோட்டை